ஒரு படம், பல வடிவங்கள்: 'மெட்ரோபோலிஸ்' முன்வைக்கும் பட்டியலாக்கச் சிக்கல்

ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' 1927 ஜனவரி 10இல் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது அதன் நீளம் 4189 மீட்டர். அமெரிக்க வெளியீட்டுக்காகவும், அவ்வாண்டிலேயே ஜெர்மனியில் நிகழ்ந்த மறுவெளியீட்டுக்காகவும் அது வெட்டப்பட்டது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மறைந்தது. வெட்டப்படாத வடிவத்தின் வழிவந்த 16 மி.மீ. படியொன்று புவெனஸ் ஐரிஸின் திரைப்பட அருங்காட்சியகத்தில் இருப்பது 2008இல்தான் வெளிப்பட்டது. படத்தின் பெயரை மட்டும் தாங்கிய பதிவு, சுருளுக்குள் இருப்பது எவ்வடிவம் என்பதைச் சொல்வதில்லை.

தரவுத்தளங்கள் ஓடுநேரத்தைக் கொண்டு வடிவங்களைப் பிரித்தறிய முயல்கின்றன. பேசாப்படத்தில் இது பெரிதும் ஏமாற்றும். சுருளை விரைவாக ஓட்டினால் நிமிடங்கள் குறையும். காட்சி ஒன்றும் குறையாது. 35 மி.மீ. கணக்கிலான நீளமே வெட்டைக் காட்டும்.

ஈ.என். 15907 என்னும் ஐரோப்பியத் தரநிலை படைப்பு, வடிவம், வெளியீடு, படி எனப் பிரிப்பது ஏற்கத்தக்கது. ஆயினும் 2010இன் மீட்டுருவாக்கத்தை 1927இன் வடிவமாகவே பதிவது பிழை. அதில் கிடைக்காத காட்சிகளின் இடத்தில் விளக்க அட்டைகள் நிற்கின்றன. புவெனஸ் ஐரிஸ் படியிலிருந்து சேர்த்த பகுதிகளில் கீறல்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன. அதனைத் தனி வடிவமாகப் பதிந்து, எப்பகுதி எப்படியிலிருந்து வந்தது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.