தற்காப்புக்குத் துப்பாக்கி: அவசரகாலத் தோட்டங்கள் தரும் சான்று

உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள வீட்டில் துப்பாக்கி ஒன்று வைத்துக்கொள்ளலாமா, வேண்டாவா என்பது அமைதிக் காலத்தில் பட்டிமன்றத் தலைப்பாக நின்றுவிடும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலோ 1948 முதல் 1960 வரை அஃது அன்றாடக் கேள்வியாக இருந்தது. துரை அதற்கு ஒரு விடை கண்டார். கிராணியும் கங்காணியும் இரு பக்கமும் அஞ்சி விடை தேடினர். பால் வெட்டும் தொழிலாளிக்கோ அக்கேள்வியை எழுப்பும் உரிமையே இருக்கவில்லை. ஒரே காலத்தில், ஒரே தோட்டத்தில், ஒரே கருவி ஆளுக்கொரு பொருள் பெற்றது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டில் மறைந்த கருவிகள்

அவசரகாலத்தின் துப்பாக்கிகள் அவசரகாலத்தில் தோன்றியவை அல்ல. ஜப்பானியர் ஆட்சியின்போது காட்டில் இருந்து போராடிய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்குப் பிரிட்டிஷாரே ஆயுதம் வழங்கினர். போரின் இறுதிக் கட்டத்தில் அவை வானூர்திகளிலிருந்து காட்டில் இறக்கப்பட்டன. 1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொரு வீரருக்கும் 350 வெள்ளி கொடுக்கப்பட்டது. 5,000க்கும் மேற்பட்ட ஆயுதங்கள் திரும்பி வந்தன. ஆனால் யாவும் வந்துவிடவில்லை. எண்ணெய் பூசிப் புதைத்து வைக்கப்பட்டவை காட்டிலேயே தங்கின.

கொடுப்பது எளிது, திரும்பப் பெறுவது அரிது என்பது துப்பாக்கியின் முதல் இயல்பு. அரசு தன் நண்பனுக்கென்று கொடுத்த ஆயுதம், நட்பு முறிந்தபின் அரசையே குறி பார்த்தது. மூன்றாண்டு கழியுமுன் இதன் விளைவை நாடு கண்டது.

துரையின் துப்பாக்கி

1948 ஜூன் 16ஆம் நாள் காலை, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்ட நிர்வாகி ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் அருகிலிருந்த பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன் என்பவரும், பயிற்சி பெற வந்திருந்த இளைஞர் இயன் கிறிஸ்டியன் என்பவரும் கட்டி வைத்துச் சுடப்பட்டனர். ஜூன் 18க்குள் மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலத்தின்கீழ் வந்தது.

அதன்பின் துரைமார் அரசிடம் கேட்டவை காவலும் துப்பாக்கியுமே. இரண்டும் கிடைத்தன. பங்களாவைச் சுற்றி முட்கம்பி வேலியும், சுவரோரம் மணல் மூட்டைகளும், இரவு முழுதும் எரியும் விளக்குகளும் வந்தன. துரைசானிமாரும் சுடப் பழகினர். மோட்டார் வண்டிகளுக்கு இரும்புத் தகடு பொருத்தினர். சம்பளப் பணத்தை வங்கியிலிருந்து எடுத்துவரும் நாளே மாதத்தில் மிக அஞ்சத்தக்க நாளாயிற்று. ஆகவே நேரத்தையும் வழியையும் மாற்றிமாற்றிப் பயணம் செய்தனர். தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கப் பல்லாயிரக்கணக்கான சிறப்புக் காவலர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மலாய் இளைஞர்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். துரையின் இடுப்பில் தொங்கிய கைத்துப்பாக்கி தனித்து நின்று அவரைக் காக்கவில்லை. வேலி, விளக்கு, காவலர், தொலைபேசி, போலீஸ் நிலையம் ஆகிய அனைத்தும் சேர்ந்த அமைப்பில் அஃது ஓர் உறுப்பு. அரண் எவ்வளவு சிறந்ததாயினும் உள்ளிருப்போரிடம் செயற்சிறப்பு இல்லையேல் அது பயன்படாது என்னும் கருத்துத் திருக்குறளின் அரண் அதிகாரத்தில் உண்டு. இங்கே அதன் மறுபக்கமும் விளங்குகின்றது. உள்ளிருப்பவர் துணிவுடையவரேயாயினும், அரணும் துணையும் இல்லையேல் அத்துணிவு நெடுநாள் நிற்பதில்லை. நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவரை எதிர்பாராமல் வந்து சுடுபவன், அவர் மேசை இழுப்பறையைத் திறக்கும்வரை காத்திரான்.

ஆயுதம் தாங்கிய காவலுங்கூட முழுக் காப்பு ஆகிவிடாது. 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைப் பாதையில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கியோரால் கொல்லப்பட்டார். அவருடன் ஆயுதமேந்திய காவலர் சென்றனர். நாட்டின் தலைமை அதிகாரிக்கே இந்நிலை என்றால் மற்றவர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

மேலும் காட்டில் இருந்தோருக்குத் துப்பாக்கித் தொழிற்சாலையும் இல்லை; வெளிநாட்டிலிருந்து போதிய ஆயுதம் வரவும் இல்லை. புதைத்து வைத்தவை போக, பிறரிடமிருந்து பறித்தே அவர்கள் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே துப்பாக்கி உள்ள இடம் அவர்கள் அஞ்சும் இடமாகவும், நாடும் இடமாகவும் ஒருங்கே ஆயிற்று.

இடையில் நின்றவர்கள்

கிராணியும் கங்காணியும் நின்ற இடம் இன்னும் இடுக்கமானது. அவர்கள் துரையைப்போல வேலிக்குள் வாழ்ந்தவர் அல்லர். லயத்து மக்களோடு மக்களாக வாழ்ந்தவர்கள். இரவில் காட்டிலிருந்து வருவோர் அரிசி கேட்பர், சந்தா கேட்பர். கொடுத்தால் அரசின் சட்டம் பாயும். மறுத்தால் காட்டின் சட்டம் பாயும். இந்நிலையில் ஒருவர் துப்பாக்கி ஏந்தினால், அவர் எந்தப் பக்கம் என்பதைத் தோளிலே எழுதி ஒட்டிக்கொண்டது போலாகும். ஏந்தாவிட்டால் வெறுங்கையோடு இரவைக் கழிக்க வேண்டும். கருவி வேண்டுமா என்று எண்ணுமுன், தாம் யார் பக்கம் என அறிவிக்கத் துணிவுண்டா என்று எண்ண வேண்டியவராக அவர்கள் இருந்தனர்.

தொழிலாளியின் துப்பாக்கி

துரைக்கு உரிமத்தோடு வந்த அதே கருவி, உரிமமின்றித் தொழிலாளி கையில் இருந்தால் தூக்குக் கயிறாயிற்று. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருத்தல் மரண தண்டனைக்குரிய குற்றம் என 1948ஆம் ஆண்டிலேயே அவசரகால விதிகள் வகுத்தன. அவ்விதியின்கீழ் நடந்த இரு தமிழர் வழக்குகள் நம்மவர் மறக்கத் தகாதவை.

முதலாவது, எஸ். ஏ. கணபதியின் வழக்கு. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையிற் பிறந்து, இந்தியத் தேசிய இராணுவத்தில் பணியாற்றி, பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர் அவர். 1949 மார்ச்சில் ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார். அதைப் போலீசாரிடம் ஒப்படைக்கவே கொண்டு சென்றதாக அவர் கூறினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்திய அரசு தலையிட்டும் பயன் இல்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் தண்டனைக்கும் இடையே கழிந்தது ஏறத்தாழ இரண்டு திங்களே.

இரண்டாவது, சாம்பசிவம் என்பவரின் வழக்கு. அவர்மீது துப்பாக்கி ஏந்தியதாக ஒரு குற்றமும், 10 தோட்டாக்கள் வைத்திருந்ததாக மற்றொரு குற்றமும் சாட்டப்பட்டன. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றத்திலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றத்துக்கு மறு விசாரணை நடந்தது. அதில், துப்பாக்கியோடு தோட்டாக்களும் தம்மிடம் இருந்ததாக அவர் கூறியதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஒன்று சான்றாக வைக்கப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. தோட்டா இல்லை என்று ஒருமுறை முடிந்தபின், அதே தோட்டாவைப் பற்றிய பேச்சை உண்மையெனக் கொள்ளும்படி விடலாகாது என்று 1950இல் பிரிவி கவுன்சில் தண்டனையை நீக்கியது. விடுதலைத் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்னும் அக்கோட்பாட்டுக்குச் சட்டம் பயில்வோர் இன்றும் சாம்பசிவம் வழக்கையே எடுத்துக்காட்டுவர்.

அரசியலில் யார் செய்தது சரி என்பது வேறு ஆராய்ச்சி. ஈண்டு நாம் கொள்ளத்தக்கது ஒன்றே: கருவி ஒன்றாயினும், அதை வைத்திருப்பவனின் நிலையே அதன் பொருளை முடிவு செய்தது.

உரிமையா, உரிமமா?

இக்கேள்வி மலாயாவுக்கு மட்டும் உரியது அன்று. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை நிராயுதராக்கியது என்ற மனக்குறை நெடுநாள் இருந்தது. ஆகவே 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருத்தலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகத் தீர்மானித்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொணர்ந்தபோது, டாக்டர் அம்பேத்கார் அதை ஏற்கவில்லை, சபையும் சேர்க்கவில்லை. அந்நியன் ஆண்டபோது உரிமையாகத் தோன்றியது, தன்னாட்சி வந்தபோது உரிமமாக மாறியது.

நம் நாட்டிலும் சட்டம் அவ்வாறே அமைந்தது. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் உரிமையை வழங்குகின்றன. போலீசாரின் உதவியை நாட நேரம் இருக்குமானால் அவ்வுரிமை இல்லை என்பதையும் 99ஆம் பிரிவு கூறுகின்றது. அஃதாவது, தற்காப்பு மனிதனின் உரிமை. துப்பாக்கி அரசின் அனுமதி. அவசரகாலம் முடிந்த 1960ஆம் ஆண்டிலேயே ஆயுதச் சட்டமும் வந்தது. 1971இல் மலேசியாவும் 1973இல் சிங்கப்பூரும் துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கடுந்தண்டனைச் சட்டங்கள் இயற்றின.

கடுமைக்கும் விலை உண்டு. 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் அத்தண்டனை நீக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனையை 2023இல் மலேசிய நாடாளுமன்றம் ஒழித்தபோது, இத்தகைய வழக்குகளின் நினைவும் அதன் பின்னணியில் இருந்தது எனலாம்.

ஊரார் கையில்

அவசரகாலத்தில் துப்பாக்கி ஓரளவு நற்பயன் தந்த இடம் ஒன்று உண்டெனில், அஃது ஊர்க்காவல் படை. முட்கம்பி வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்ட சீனர்களுக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்று அதிகாரிகள் நெடுநாள் தயங்கினர். கொடுத்தது காட்டுக்குப் போய்விடும் என்ற அச்சம் பொருளற்றது அன்று; 1945இன் பாடம் அவர்கள் கண்முன் இருந்தது. எனினும் 1952இல் வந்த ஜெனரல் டெம்ப்ளர், நம்பிக்கை வைத்தாலன்றி மக்கள் நம் பக்கம் வாரார் என்று கருதி, படிப்படியாக ஊராரிடமே காவலை ஒப்புவித்தார்.

1945க்கும் 1952க்கும் வேறுபாடு என்ன? முன்னது கணக்கின்றிக் காட்டுக்குள் சென்றது. பின்னது கணக்கில் ஏறி ஊருக்குள் நின்றது. தொடக்கத்தில் ஊர்க்காவலர், முறை வரும்போது துப்பாக்கியைப் பெற்று, முறை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தனர். ஒரே கருவி பலர் கைக்கு மாறியது. எவரும் அதைத் தம் உடைமை என்று எண்ண இடமில்லை. காணாமற்போனால் ஊரே விடை சொல்ல வேண்டும்.

அப்பன்னிரண்டு ஆண்டுகளில் 2,400க்கும் மேற்பட்ட குடிமக்கள் கொல்லப்பட்டனர். மேலும் 810 பேர் காணாமற்போயினர். அவர்களுள் துப்பாக்கி இருந்தவரும் உண்டு, இல்லாதவரும் உண்டு. ஆகவே துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எவரைப் பற்றியும் எளிதில் சொல்லிவிட இயலாது.

கொள்ளை பற்றிய செய்தி வரும்போதெல்லாம், நம்மிடமும் ஒரு துப்பாக்கி இருந்தால் என்னவென்று கேட்போர் இன்றும் உளர். அச்சத்தால் பிறக்கும் அக்கேள்வியை எள்ளி நகையாடுதல் முறையன்று. 1948இல் துரைமார் கேட்டதும் அச்சத்தால்தான். ஆனால் அவர்களுக்குக் கிடைத்ததுபோல வேலியும் விளக்கும் காவலரும் சூழ வாராத துப்பாக்கி, தலையணைக்கடியில் கிடந்து வீட்டாரின் உறக்கத்தையே கெடுக்கும். அவசரகாலப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் யார் யாரைச் சுட்டார் என்பதோடு நிறுத்தாமல், அத்துப்பாக்கி எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பில் இருந்தது, முடிவில் எங்கே போயிற்று என்பவற்றையும் மாணவர்க்குக் கேட்கக் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கேட்கப் பழகிய மாணவன், பின்னாளில் தன் வீட்டைக் காக்க எண்ணும்போது, முதலில் அண்டை வீட்டாரோடு பேசத் தொடங்குவான்.