கப்பலில் அளவுச் சாப்பாடும் அளவில்லாச் சாப்பாடும்

உல்லாசக் கப்பலின் இரவு உணவு மெனுவில் பண்டங்களின் பெயர் இருக்கும், விலை இருக்காது. சாப்பாட்டுக் காசு பயணச்சீட்டிலேயே சேர்ந்துவிடுவதால், ஒரு சூப் கேட்டாலும் மூன்று கேட்டாலும் பில் ஒன்றுதான். கரையில் உள்ள ஓட்டலில் "இதற்கு மேல் வேண்டாம்" என்று சொல்ல வைப்பது பெரும்பாலும் பணப்பைதான். கப்பலில் அந்த வேலையை வேறு எதுவாவது பார்க்க வேண்டியிருக்கிறது. கடந்த இருநூறு ஆண்டுகளில் சட்டம், கடல் குமட்டல், சாப்பாட்டு மணி, பரிமாறுபவர் என்று பலரும் பலதும் அதைப் பார்த்ததுண்டு.

தொடக்கத்தில் இருந்த கவலை, மிஞ்சுமோ என்பதல்ல; போதுமோ என்பதுதான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிழைப்புத் தேடி அட்லாண்டிக்கைக் கடந்த ஏழைகள் ஓட்ஸ் மாவும் உருளைக்கிழங்கும் தாங்களே மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். பாய்மரக் கப்பல் காற்றை நம்பிப் போவது. ஐந்தாறு வாரத்திலும் போய்ச் சேரலாம், பத்து வாரமும் ஆகலாம். மூட்டை முன்னதாகத் தீர்ந்தால் பட்டினி. இதைத் தடுக்கத்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணிகள் சட்டங்களைக் கொண்டுவந்தது. 1842ஆம் ஆண்டுச் சட்டப்படி கப்பல்காரர் ஒவ்வொரு பயணிக்கும் வாரத்துக்கு 7 பவுண்டு, அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமாக, ரொட்டியோ பிஸ்கட்டோ மாவோ அரிசியோ கொடுக்க வேண்டும். நாளுக்கு 3 குவார்ட், சுமார் மூன்றரை லிட்டர், தண்ணீர் தர வேண்டும். சமைத்துக்கொள்வது பயணியின் பாடு. மேல்தளத்தில் இருந்த அடுப்புக்கு வரிசையில் நிற்க வேண்டும்; புயல் வந்தால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கடல் பயணச் சாப்பாட்டுக்குச் சட்டம் எழுதிவைத்த அளவு இந்த உலர்ந்த ஏழு பவுண்டு.

அறைப் பயணிகளின் கதை வேறு. கியூனார்டு நிறுவனத்தின் 'பிரிட்டானியா' 1840 ஜூலையில் லிவர்பூலிலிருந்து முதல் பயணம் புறப்பட்டபோது, பாலுக்காக ஒரு பசுமாட்டையும் ஏற்றிக்கொண்டு போனது. 1842 ஜனவரியில் அதே கப்பலில் பாஸ்டனுக்குப் போன சார்லஸ் டிக்கன்ஸ், அங்கே சாப்பாடு நடந்த விதத்தைத் தன் அமெரிக்கப் பயண நூலில் கேலியும் கிண்டலுமாக எழுதியிருக்கிறார். பகல் ஒரு மணிக்கு மணி அடிக்கும். சுட்ட உருளைக்கிழங்கும் சுட்ட ஆப்பிளும் ஆவி பறக்க வரும். கூடவே ஆறிப்போன பன்றித் தொடை இறைச்சி, உப்பிட்ட மாட்டிறைச்சி. ஐந்து மணிக்கு மறுபடி மணி. மறுபடி உருளைக்கிழங்கு, இம்முறை அவித்தது. கடைசியில் பூஞ்சை வாடையோடு கொஞ்சம் பழம். அந்தக் கப்பலில் 'எதைச் சொல்லி வரவழைப்பது' என்ற சிக்கலே கிடையாது. நீண்ட மேசையில் வைத்ததை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஜனவரி மாத அட்லாண்டிக்கின் ஆட்டத்தில் பலரால் மேசைக்கு வரவே முடியவில்லை என்பதால் வந்தவர்களுக்குக் குறைவில்லை.

உயிருள்ள மாடும் ஆடும் கோழியும் கப்பலில் ஏறுவது குளிர்பதன இயந்திரம் வந்த பிறகுதான் நின்றது. 1880 பிப்ரவரியில் 'ஸ்ட்ராத்லெவன்' என்ற கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைய வைத்த இறைச்சியைக் கெடாமல் லண்டனில் இறக்கியது. அதே நுட்பம் பயணிகள் கப்பலுக்கும் வந்தது. நடுக்கடலிலும் புது இறைச்சி, கீரை, ஐஸ்கிரீம் என்று ஆனதும் மெனு அட்டை நீளத் தொடங்கியது. பெரிய கப்பல்களில் சிறிய அச்சகமே இருந்தது. அன்றன்றைய மெனுவை அன்றன்றே அச்சடித்தார்கள். இந்தியா வழி ஓடிய பி அண்ட் ஓ கப்பல்களின் மெனுவில் கறிக்கு நிரந்தர இடம் கிடைத்தது.

நீண்ட மெனு எல்லாருக்கும் வசதியாக இருந்துவிடவில்லை. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது நிரம்பாத மோகன்தாஸ் காந்தி, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல், எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் கூச்சப்பட்டு, சாப்பாட்டு மேசைப் பக்கமே போகவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டதாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். கட்டணத்தில் அடங்கிய சாப்பாட்டைப் பெரும்பாலும் தொடாமலே கரை சேர்ந்த பயணி அவர்.

ஊர் போய்ச் சேர்வதற்காக அல்லாமல் போய்வருவதற்காகவே கப்பலேறும் வழக்கம் ஜெர்மனியில் உருப்பெற்றது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராமல் கப்பல்கள் சும்மா நின்றன. ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், நிற்கிற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணம் அனுப்பினார். 'அகஸ்தா விக்டோரியா' 1891 ஜனவரி 22 அன்று 241 பயணிகளுடன் குக்ஸ்ஹாஃபனிலிருந்து புறப்பட்டு சுமார் இரண்டு மாதம் சுற்றிவிட்டுத் திரும்பியது. அவசர வேலை எதுவும் இல்லாதவர்களை இரண்டு மாதம் கப்பலில் வைத்திருக்க வேண்டுமானால் சாப்பாட்டு வேளைதான் நாளின் முதுகெலும்பு. பாலின் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். 1905இல் வந்த 'அமெரிக்கா' என்ற கப்பலில் ரிட்ஸ் ஓட்டலின் பெயரில் தனி உணவகமே திறந்தார். கட்டணத்தில் சேராத, விரும்பிய நேரத்தில் விரும்பியதைச் சொல்லிச் சாப்பிட்டுத் தனியே காசு கொடுக்கும் இடம் அது. பணம் இருந்தால் எல்லாருக்கும் பொதுவான மணியோசைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்ற ஏற்பாடு அங்கிருந்து மற்ற நிறுவனங்களுக்கும் பரவியது. 'டைட்டானிக்'கிலும் அப்படி ஓர் உணவகம் இருந்தது. பயணம் முழுக்க அங்கேயே சாப்பிடுவதாக முன்கூட்டிச் சொன்னவர்களுக்குப் பயணக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்தார்கள்.

டைட்டானிக்கின் பொது உணவுக்கூட மெனு, 1912 ஏப்ரல் 14ஆம் தேதியிட்டது, இன்றும் கிடைக்கிறது. எவ்வளவு வரவழைப்பது என்ற சிக்கலை அதைவிடத் தெளிவாகக் காட்டும் தாள் வேறு இருக்காது. முதல் வகுப்பு இரவு உணவு சுமார் பத்துச் சுற்று. முதலில் சிப்பி, அடுத்து தெளிந்த சூப் அல்லது பார்லி சூப், பிறகு வெள்ளரிக்காயுடன் சால்மன் மீன். அதற்குப் பின் மாட்டிறைச்சித் துண்டம், கோழி, பூரணம் வைத்த சுரைக்காய் வகை. அடுத்த சுற்றில் புதினாச் சாறுடன் ஆட்டிறைச்சி, ஆப்பிள் சாறுடன் வாத்து, மறுபடி மாட்டிறைச்சி. பக்கத்தில் பட்டாணி, கேரட், சோறு, உருளைக்கிழங்கு. இந்த இடத்தில் மெனு ஒரு மூச்சு விடுகிறது: ரம் கலந்த பனிக்கூழ் ஒரு சிறு கிண்ணம். நாக்கைக் கழுவி வயிற்றை ஏமாற்றும் உத்தி இது. பிறகு புறாக் குஞ்சு வறுவல், குளிர்ந்த தண்ணீர்விட்டான் தண்டு, வாத்தின் கல்லீரல் பதம், கடைசியில் புட்டிங், பீச் பழ ஜெல்லி, எக்லேர், ஐஸ்கிரீம்.

இத்தனையையும் ஒருவர் சாப்பிட வேண்டும் என்று சமையல்காரரும் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைச் சொல்லலாம், பிடிக்காத சுற்றைத் தாண்டிவிடலாம், வந்த தட்டில் பாதியை வைத்துவிட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கல்யாணப் பந்தியில் இலையை மூடுகிற மாதிரி இங்கும் 'போதும்' என்பதற்கு ஒரு மௌன மொழி உண்டு: கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் இணையாகச் சேர்த்து வைத்தால் பரிமாறுபவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதே நாள் டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பின் நான்கு வேளைச் சாப்பாடும் ஒரே அட்டையில் அடங்கிவிட்டது. மதியம் அரிசி சூப், வறுத்த மாட்டிறைச்சி, சோளம், அவித்த உருளைக்கிழங்கு, பிளம் புட்டிங், பழம். மாலை ஆறிய இறைச்சி, ஊறுகாய், அத்திப்பழமும் சோறும். இரவு கஞ்சி, பிஸ்கட், சீஸ். தேர்வு குறைவு. ஆனால் ஏழு பவுண்டு உலர்ந்த தானியத்திலிருந்து எழுபது ஆண்டில் வந்த தூரம் அது. முதல் வகுப்பின் சிப்பியைவிட இந்த மாற்றம் பெரியது என்றே சொல்ல வேண்டும்.

உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் இந்த விருந்தோம்பலை உச்சிக்குக் கொண்டுபோயின. 1935இல் முதல் பயணம் போன 'நார்மண்டி'யின் முதல் வகுப்பு உணவுக்கூடம் 90 மீட்டருக்கு மேல் நீளம். மேசையில் ஒயின் இலவசம். மறுபுறம், அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரையான காலத்தில், எல்லைக்கு வெளியே போய்க் குடித்துவிட்டு வருவதற்கென்றே குறுகிய கடல் பயணங்கள் நியூயார்க்கிலிருந்து கிளம்பின. 1958இல் அட்லாண்டிக்கின் குறுக்கே ஜெட் விமானம் பறக்கத் தொடங்கியது. ஊர் போய்ச் சேர்வதற்குக் கப்பல் தேவையில்லாமல் போயிற்று. 1962இல் முதல் பயணம் போன 'பிரான்ஸ்' கப்பலே பின்னர் கைமாறி, 1980இல் 'நார்வே' என்ற பெயரில் கரீபியன் உல்லாசக் கப்பலானது.

மயாமியிலிருந்து வளர்ந்த புதிய தொழில் நடுத்தர வர்க்கத்தை நம்பியது. 1966இல் 'சன்வார்டு' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. கார்னிவல் நிறுவனத்தின் முதல் கப்பலான 'மார்டி கிரா' 1972இல் முதல் பயணத்திலேயே மயாமி அருகே தரை தட்டியது. அதையும் மீறித் தொழில் வளர்ந்தது, அதில் சாப்பாட்டின் பங்கு பெரிது. விடிகாலைக் காப்பி முதல் பனிக்கட்டிச் சிற்பங்களுக்கு நடுவே நடந்த நள்ளிரவு பஃபே வரை இடைவெளியின்றிப் பரிமாறினார்கள். கொடுத்த காசுக்குத் தின்றுதீர்க்க வேண்டும் என்ற பழக்கம் பஃபேயில்தான் ஊறியது.

இரவு உணவுக்கூடத்தின் ஒழுங்கு வேறாக இருந்தது. கூடத்தில் பாதிப் பேருக்குத்தான் இடம் என்பதால் இரண்டு பந்தி: முதலாவது சுமார் ஆறு மணிக்கு, இரண்டாவது எட்டு, எட்டரைக்கு. முதல் பந்தி இரண்டாவதற்கு இடம் விட்டாக வேண்டும்; கடிகாரமே அளவுகோல். பயணம் முழுக்க அதே மேசை, அதே பரிமாறுபவர். முன்னுணவு, முதன்மை உணவு, இனிப்பு என்று மூன்று சுற்று. ஒவ்வொன்றும் சிறிய அளவு. இரண்டு முன்னுணவு கேட்பதும், முதன்மை உணவே வேண்டாமென்று மூன்று சூப்போடு எழுந்துபோவதும் சகஜம். முடிவு செய்ய முடியாமல் தவிப்பவருக்குப் பரிமாறுபவர் இரண்டையும் கொண்டுவந்து வைத்துவிடுவார். அவர் வருமானத்தின் பெரும்பகுதி பயணத்தின் கடைசி இரவில் கைக்கு வந்த டிப்ஸ் என்பதும் இந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம். சிங்கி இறால் பரிமாறும் விருந்து இரவில் ஒரே ஆள் மூன்று தட்டு காலி செய்வது கப்பல் ஊழியர்களுக்குப் பழகிய காட்சி. எந்தப் பண்டத்தை எத்தனை பேர் கேட்பார்கள் என்பதைச் சமையலறை முந்தைய பயணங்களின் கணக்கிலிருந்து கணிக்கும். நடுக்கடலில் சந்தை இல்லை.

இந்த ஒழுங்கு 1990களிலிருந்து தளரத் தொடங்கியது. 1990இல் வந்த 'கிரிஸ்டல் ஹார்மனி' பொதுக்கூடத்தோடு இத்தாலிய, ஜப்பானிய உணவகங்களையும் வைத்திருந்தது. நார்வீஜியன் நிறுவனம் 2000இல் பந்தி முறையையே விட்டு, எப்போது வேண்டுமானாலும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்றது. பின்னர் பல நிறுவனங்களிலும் மாட்டிறைச்சி உணவகம் போன்றவை தனிக் கட்டணத்தில் வந்தன. பாலின் 1905இல் செய்ததுதான், இம்முறை எல்லா வகுப்பினருக்கும். 2022இல் கார்னிவல், பொது உணவுக்கூடத்தில் இரண்டு முதன்மை உணவுக்கு மேல் கேட்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் 5 டாலர் என்று விதித்தது. விலையில்லாத மெனுவில் எண்ணிக்கைக்கு விலை வந்தது அப்படித்தான்.

மிச்சமாவதைக் கடலில் கொட்டுவது நெடுநாள் வழக்கம். கப்பல் குப்பை பற்றிய சர்வதேச விதிகள் 1988 இறுதியில் நடைமுறைக்கு வந்த பிறகு, அரைத்த உணவுக் கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலும், அரைக்காததை 12 கடல் மைலுக்கு அப்பாலும்தான் விட முடியும். மத்தியதரைக் கடல் போன்ற சிறப்புப் பகுதிகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. கொரோனாவுக்குப் பின் பல கப்பல்களில் பஃபேயில் ஊழியரே பரிமாறத் தொடங்க, தட்டில் குவிவதும் குறைந்தது. கோஸ்டா நிறுவனம் 2017 முதல், சமைத்தும் மேசைக்குப் போகாத உணவை இத்தாலியின் சவோனா துறைமுகத்தில் இறக்கி உணவு வங்கி வழியாகத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்துவருகிறது.