அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் ஓடு உடையாதது ஏன்?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. அங்கிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே வந்தால் எங்க ஊர் பெரியதாழை. மழை விட்டதும் மாமா கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "ஏ மருமகனே, தேங்கா விழுந்தா ஓடு உடையுது. மேகத்துலருந்து விழுற மழைக்கு ஒண்ணும் உடையலையே?"

பி.இ. படித்தவன் முழித்தேன். அன்றிரவு தேட ஆரம்பித்தேன்.

காற்றே இல்லையென்றால், 2 கி.மீ. உயரத்திலிருந்து விழும் துளி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் வந்து அடிக்கும். ஆனால் வேகம் கூடக்கூட காற்றின் தடையும் கூடுகிறது. தடை துளியின் எடைக்குச் சமமானதும் வேகம் அதற்குமேல் ஏறாது. தேங்காய் கனம், மரத்து உயரத்துக்குள் காற்றால் அதை அதிகம் தடுக்க முடியாது.

1904-இல் ஜெர்மானியர் பிலிப் லெனார்ட் கீழிருந்து காற்றை ஊதி, துளிகளை அந்தரத்தில் மிதக்கவிட்டார். மிதக்கவைக்கும் காற்றின் வேகம்தான் துளி விழும் வேகம். சுமார் 5.5 மி.மீ.க்கு மேல் பெருத்த துளிகள் சிதறிப்போயின. 1949-இல் அமெரிக்காவின் கன்னும் கின்சரும் துல்லியமாக அளந்தார்கள்: 1 மி.மீ. துளிக்கு நொடிக்கு 4 மீட்டர், 5.8 மி.மீ. துளிக்கு 9 மீட்டர் சொச்சம். மணிக்கு 33 கி.மீ. நம்ம டிவிஎஸ் 50 போற வேகம்தான்!

எவ்வளவு பேய்மழையானாலும் துளியின் வேகம் இந்த எல்லைக்குள்தான். நம்மை அடித்தது அளவு: 95 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 950 லிட்டர்.

மறுநாள் மாமாவிடம் சொன்னேன். "அப்போ மேல காத்து பாத்துக்கிடுது. கீழ குளத்தையும் ஓடையையும் நாமதான பாக்கணும்" என்றார்.