சிற்றறையும் பின்திரையும்: தமிழகச் சிறு ஒளிப்பட நிலையங்களின் தொழில் வரலாறு

தமிழகத்துப் பழைய வீடுகளின் கூடத்துச் சுவரில் தொங்கும் குடும்பப் படங்களில் ஓர் ஒருமைப்பாடு காணப்படுகின்றது. ஊர் வேறு, குடி வேறு, காலமும் வேறு. எனினும் பின்புறத்தில் தூணோ மாடிப்படியோ தீட்டிய திரை, பக்கத்தில் பூச்சாடி ஏந்திய சிறு மேசை, முன்னோக்கி நிமிர்ந்த உடல் என்பன மாறுவதில்லை. இவ்வொருமையைக் குடும்ப மரபு, மதிப்புணர்வு ஆகியவற்றின் வெளிப்பாடாக விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் தவறன்று, ஆயின் போதாது. அப்படங்களை எடுத்தவர் எத்தனை அடி நீள அறையில் நின்றார், ஒரு தகட்டை வீணாக்க அவருக்கு இயலுமா என்னும் வினாக்களும் உடன் எழவேண்டும்.

1839இல் பாரிசில் அறிவிக்கப்பெற்ற ஒளிப்படக் கலை மிக விரைவில் இந்தியத் துறைமுக நகரங்களை அடைந்தது. பம்பாயில் 1854இல் ஒளிப்படக் கழகம் தோன்றியது. அந்நகரின் எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் 1855இல் இக்கலை கற்பிக்கப்பட்டது. அங்குப் பயின்ற ஹரிச்சந்திர சிந்தாமன் பின்னர்ச் சொந்த நிலையம் நடத்தினார். தமிழகத்தில் லின்னேயஸ் டிரைப் 1857-58இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அவர் சென்னை அரசின் ஒளிப்படக்காரர், செலவு அரசினுடையது. சிறுதொழிலின் வரலாற்றை அங்குத் தொடங்க இயலாது.

சிறுதொழிலுக்கு வழிகோலியது உலர்தகடு ஆகும். 1851இல் வந்த ஈரக் கொலோடியன் முறையில், படமெடுப்பதற்குச் சற்றுமுன் கண்ணாடியில் மருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்துத் துலக்கியும் முடித்தாக வேண்டும். இதற்குத் தேர்ந்த உதவியாளர் தேவை. 1870களின் இறுதியில் ஜெலட்டின் பூசிய உலர்தகடுகள் பெட்டியில் அடைத்து விற்பனைக்கு வந்தபின்பே, ஒரு பெட்டிக் காமிரா, ஓர் அறை, அதனுள் தடுத்த ஓர் இருட்டறை என்னும் அளவில் ஒருவர் தனித்துத் தொழில் செய்யும் நிலை உருவாயிற்று.

அறையின் அளவு

அறையின் நீளம் படத்தை எவ்வாறு ஆண்டது என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் 'அரைத் தகடு' எனப்படும் 4¾ x 6½ அங்குலத் தகட்டில் 5 அங்குல உயரமாக விழவேண்டும் எனக் கொள்வோம். எட்டு அங்குலக் குவியத்தொலைவுடைய வில்லையாயின், அவருக்கும் வில்லைக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பதரை அடி இடைவெளி தேவை. அவருக்கும் பின்திரைக்கும் இடையே இரண்டு மூன்று அடி, காமிராவின் பின்னே கருந்துணி போர்த்தி நிற்பவருக்கு மூன்றடி எனக் கூட்டினால் பதினைந்து அடிக்குக் குறையாது. பத்து அடி அகலத்திற்கு அமரும் குழுவுக்கோ இருபது அடியும் போதுவது அரிது. கடைத்தெருவில் வாடகைக்குப் பிடித்த ஓர் அறையில் இது கூடுவதன்று. பள்ளிக் குழுப்படங்களும் மணப்பந்தற் படங்களும் வெட்டவெளியில் எடுக்கப்பட்டமைக்கும், நிலையத்துள் இருவர் மூவர் நெருங்கி நின்றமைக்கும் இக்கணக்கே பெருங்காரணம். முழங்கை உரச நிற்பதைக் குடும்பப் பாசத்தின் குறியாக மட்டும் வாசிப்பவர் அறைச்சுவரை மறந்துவிடுகின்றார்.

ஒளியும் அவ்வாறே. மின்சாரம் வருமுன் கூரையில் கண்ணாடி பதித்தோ வடபுறச் சாளரத்தைத் திறந்தோ வெளிச்சம் பெறப்பட்டது. வெள்ளைத் துணியால் அதனை மட்டுப்படுத்துவது கைப்பழக்கத்தால் வந்த தேர்ச்சி. துணைக்கருவிகள் பெரும்பாலும் இல்லை. சூரிய ஒளியில் சட்டத்தை வைத்தே அச்சுப் படிகள் எடுக்கப்பட்டன.

எல்லாவற்றினும் கடுமையான இடர் வெயில். துலக்கும் கரைசல் ஏறத்தாழ 20 பாகை செல்சியசில் இருத்தல் நலம். தமிழகத்துக் கோடையில் குழாய்நீரே அதனை வெகுவாக விஞ்சும். சூட்டில் ஜெலட்டின் இளகி ஓரங்கள் மடிந்து கழன்றுவிடும். இதனைத் தடுக்கப் படிகாரம் சேர்த்து இறுக்குவதும், பனிக்கட்டி வைப்பதும், கரைசல் வேலையை இரவுக்கு ஒத்திவைப்பதும் அறியப்பட்ட வழிகள். ஹைப்போவை முற்றக் கழுவ நீரும் மிகுதியாக வேண்டும். கழுவல் குறைந்த படங்களே பிற்காலத்தில் பழுத்து மங்கின. இன்று ஆவணக் காப்பாளர் காணும் மஞ்சட் கறைகளுள் சில அன்றைய தண்ணீர்த் தட்டுப்பாட்டின் சுவடு எனக் கருதலாம்.

தகட்டின் விலை

தகடு விலைக்கு வாங்கும் பொருள். அதுவும் நெடுங்காலம் இறக்குமதிச் சரக்கு. ஒரு தகட்டை நகர்த்தி நகர்த்தி இரண்டு அல்லது நான்கு முகங்களைப் பதியும் சட்டங்கள் பயன்பட்டன. மறுமுறை எடுப்பதைவிட எதிர்ப்படிவத்தின் மேல் பென்சிலால் திருத்துவது மலிவு. அம்மைத்தழும்பு மறைந்ததும் கன்னம் வழுவழுப்பானதும் அழகுணர்ச்சியால் மட்டும் அன்று. பின்னர் 120 எண் சுருளும் இரட்டைவில்லைக் காமிராவும் வந்தபோது ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள் கிடைத்தன. உதகையில் 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்னும் வணிகப் பெயரில் உள்நாட்டுச் சுருளும் தாளும் வழங்கியது. அந்நிறுவனம் 1996இல் நலிந்த தொழிலாக அறிவிக்கப்பட்டுப் பிற்பாடு மூடப்பட்டது.

எஞ்சியவையும் அழிந்தவையும்

இடநெருக்கடியும் சிக்கனமும் படத்தை உருவாக்கியதோடு நில்லாமல் அதனை அழிக்கவும் செய்தன என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. பல்லாண்டுத் தகடுகளை அடுக்கிவைக்கச் சிற்றறையில் இடமில்லை. மருந்தைச் சுரண்டிய கண்ணாடி சட்டம் போடவும் சாளரத்திற்கும் பயன்பட்டது. பழைய சுருள்கள் வெள்ளிக்காக எடைக்குப் போயின. 1980 சனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்சுக்கு ஏறத்தாழ 50 டாலரைத் தொட்டது. குப்பையெனக் கிடந்த சுருளுக்கும் அத்தகைய காலத்தில் விலை உண்டு. இதற்காக நிலையத்தாரைக் குறைகூறுவது முறையன்று. அவர்கள் நடத்தியது கடை, காப்பகம் அன்று. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு 2010களில் தமிழக நிலையப் படங்களை எண்மமாக்க முற்பட்டபோது, காலத்தால் மிகவும் பிந்திய முயற்சியாகவே அது அமைந்தது.

கூடத்துப் படங்களே ஆய்வாளர் கண்ணில் படுகின்றன; நிலையத்தின் அன்றாட வருவாய்க்கோ அடையாளப் படங்கள் துணைநின்றன. 1993இல் வாக்காளர் ஒளிப்பட அடையாள அட்டைக்கு ஆணை பிறந்தபின் அரசு ஆவணம்தோறும் முகம் இன்றியமையாததாயிற்று. அதே அரசு அலுவலகங்கள் 2010க்குப் பின் ஆதாருக்கும் கடவுச்சீட்டுக்கும் தாமே நேரில் படமெடுக்கத் தொடங்கியபோது, அவ்வருவாயில் ஒரு பங்கு கைநழுவியது.

எதிர்ப்படிவம் அழிந்த இடத்தில் வாடிக்கையாளர் வீட்டுப் படியே சான்று. அதனை ஒட்டிய அட்டையின் அடியில் நிலையத்தின் பெயரும் ஊரும் அச்சிட்டிருப்பது வழக்கம். ஆண்டு குறித்திருப்பது அரிது. புதிய சட்டம் போடும்போது வீட்டார் முதலில் கத்தரித்து எறிவதும் அந்த அடியோரத்தைத்தான்.