மேலூர்ச் சீமைக்குக் கம்பியில்லாமல் வந்த போன்

டெலிபோன் துறையில் லைன்மேனாக மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் வேலை பார்த்தவன் நான். ஒரு கிராமத்துக்கு ஒரே ஒரு இணைப்புக் கொடுக்கவும் வரிசையாகக் கம்பம் நட வேண்டும், கம்பி இழுக்க வேண்டும். செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மழை பெய்தால் கேபிள் ஜாயின்டில் தண்ணீர் இறங்கி லைன் டெட்.

மொபைலின் கதையை 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசிய அழைப்பில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அன்றைய செல்போனில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. எங்கள் பக்கத்துக் கீழவளவில் கல் உடைத்தவருக்கு அதனால் என்ன பயன்?

எங்கள் பக்கம் கம்பியில்லாத போன் வேறு வழியாக வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மிடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'கார்டெக்ட்' என்ற கருவியை உருவாக்கியிருந்தது. டவரிலிருந்து 10 கிலோமீட்டர் வரை, இடையில் ஒரு துணை நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை, ஒரு கம்பி கூட வேண்டாம். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே 35 கிலோபிட் வேகத்தில் இன்டர்நெட்டும் ஓடும். 2001-இல் ஐ.ஐ.டி., என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகியவை சேர்ந்து 'சாரி' என்ற திட்டத்தில் மேலூர் தாலுகா கிராமங்களுக்கு இதைக் கொண்டுவந்தன.

கிராமங்களில் இதற்காகத் திறந்த இன்டர்நெட் மையம் ஒன்றில் செட் மாட்டுவதை நின்று பார்த்தேன். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, ஆன்டெனாவை டவர் இருக்கும் திசைக்குத் திருப்பினார்கள். கீழே ஒரு பையன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளுங்கண்ணே" என்று கத்தினான். குறுக்கே தென்னந்தோப்போ பாறையோ நின்றால் சிக்னல் கிடைக்காது. டோன் வந்துவிட்டது என்று அவன் கை தட்டியபோது, கம்பம் ஏறிக் காய்த்துப்போன என் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டேன்.

அந்த மையங்களில் வெப்கேமராவில் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நேரில் வர வேண்டுமா, வேண்டாமா என்று டாக்டர் சொல்லிவிடுவார். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம். சான்றிதழுக்கான மனுக்களும் அங்கிருந்தே போயின. அக்கறை காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அந்த வேலை தேங்கியது. வருமானம் போதாமல் சில ஆண்டுகளில் பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன.

அடுத்து, கையில் எடுத்துப் போகும் டபிள்யூ.எல்.எல். என்ற கம்பியில்லா செட். அது ஏறக்குறைய ஒரு தாலுகா எல்லைக்குள்தான் பேசும். அதன்பின் சி.டி.எம்.ஏ., ஜி.எஸ்.எம். என்று இரண்டு வகை மொபைல். அப்போதைய சி.டி.எம்.ஏ.வில் நம்பர் செட்டோடு ஒட்டியிருந்தது. ஜி.எஸ்.எம்.மில் சிம்மைக் கழற்றி வேறு செட்டில் போடலாம். அதனால்தான் மதுரை டவுன் ஹால் ரோட்டில் பழைய செட் வாங்கியவரும் போன்காரர் ஆனார்.

எல்லாவற்றையும் மாற்றியது 2003 மே 1. அன்றிலிருந்து வரும் அழைப்புக்குக் காசில்லை. அதே ஆண்டு நோக்கியா 1100 வந்தது: தூசு போகாத ரப்பர் பொத்தான், தலையில் டார்ச் லைட். பெரியாறு கால்வாயில் முறைத்தண்ணீர் விடும் ராத்திரியில் வரப்பு மேல் நடக்கிறவருக்கு வெளிச்சமும் போனும் ஒரே கையில். நான் பார்த்த செட்களில் சம்சாரிக்கென்றே செய்ததுபோல் இருந்தது அது ஒன்றுதான்.

மேலூர் மையங்கள் போய்விட்டாலும் கண்ணைப் படம் எடுத்து அனுப்பும் பழக்கம் போகவில்லை. அரவிந்த் 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. தேனிப் பக்கத்து மையங்களைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் நெடுந்தூர வைஃபையால் மருத்துவமனையோடு இணைத்தார்கள். இன்று அப்படிப்பட்ட மையங்கள் நூற்றுக்கு மேல் நடக்கின்றன.