மச்சுத் தரை

கயத்தாற்றில் நான் வாங்கிய பழைய வீட்டின் மச்சு, மரப்பலகைத் தரை கொண்டது. பல காலத்து வார்னிஷ் கருத்துத் தாரைப்போல் அப்பிக் கிடந்தது. பெயர்த்தெறிந்துவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பது வீட்டாரின் தீர்ப்பு. பார்க்க வந்த முதிய ஆசாரியோ மூலையில் ஒரு சாண் அளவு சுரண்டிவிட்டு, "பர்மாத் தேக்குல்லா அண்ணாச்சி! மெஷின் போட்டுத் தேய்ச்சிராதீக" என்றார்.

ஆகவே ஞாயிறுதோறும் முழந்தாளிட்டு, உப்புத்தாளால் நானே தேய்க்கலானேன். முதலில் 60ஆம் எண் தாள், பிறகு 100, கடைசியாக 150. முதல் நாள் அறியாமல் மரவரிக்குக் குறுக்கே தேய்த்துவிட்டேன். அக்கீறல்களைப் போக்க மூன்று ஞாயிறுகள் பிடித்தன.

பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. எனவே பர்மாவில் மரத்தின் அடியைச் சுற்றி வளையமாகச் செதுக்கி, நின்றபடியே சில ஆண்டுகள் உலரவிட்டு, அதன் பின்னரே வீழ்த்துவர். யானைகள் இழுத்து ஓடையில் சேர்க்க, மழைவெள்ளம் அவற்றைக் கொண்டுசெல்லும். முடிவில் இரங்கூன், மௌல்மேன் மரமில்கள். கட்டைகளில் அடித்த சுத்தி முத்திரைகள் அறுவையோடு போய்விடும். என் பலகைகள் எக்காட்டினவோ, சொல்வாரில்லை.

அம்முத்திரைகளின் எண்ணிக்கையில்தான் ஓர் அரசு கவிழ்ந்தது. 1885இல், பம்பாய் பர்மா வணிகக் கழகம் கட்டைகளைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாக, மன்னர் தீபாவின் அமைச்சரவை சுமார் 23 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. பிரெஞ்சுக்காரருடன் மன்னர் கொண்ட உறவால் முன்பே எரிச்சலுற்றிருந்த ஆங்கிலேயருக்கு இது நல்ல சாக்கு. நவம்பரில் தொடங்கிய போர் இரண்டே வாரங்களில் முடிந்தது. இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்ட தீபா, 1916இல் அங்கேயே இறந்தார்.

இதை வாசித்த இரவு கட்டபொம்மனை நினைக்காதிருக்க முடியவில்லை. அவரைத் தூக்கிலிட்ட இடம் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவுதான். அங்கே வரி, இங்கே மரம். 1799க்கும் 1885க்கும் இடையில் சாக்குதான் மாறியிருந்தது. இந்த ஒப்பீட்டை வரலாற்றாசிரியர்கள் ஏற்காமற் போகலாம். இருவரும் வேறுவேறு இயல்பினர் என்பதும் உண்மை.

ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாக இருமுறை பூசினேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியலாகாது, தானே தீப்பற்றும். கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும். தரை இப்போது தேன்நிறம். சாளரத்தடிப் பலகையில் விளக்கு கவிழ்ந்து சுட்ட கறை ஒன்று மட்டும் போகவில்லை. இன்னும் தேய்த்தால் பள்ளம் விழும். விட்டுவிட்டேன்.