லைட் ஏன் சொன்ன பேச்சைக் கேட்கலை? டிஎம்எக்ஸ் 512-இன் கதை

ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்பத்தூர்ல இருந்து ஆவடிக்கு பஸ்ல போய்ப் பாருங்க. தெருவுக்குத் தெரு அம்மன் கோயில், கோயிலுக்கு ஒரு மேடை, மேடையில மெல்லிசைக் கச்சேரி. தலைக்கு மேல மூவிங் ஹெட்டும் எல்இடி பார் லைட்டும் வரிசையா தொங்கும். பாட்டு உச்சத்துக்குப் போற நேரம் ஒரு லைட் மட்டும் ஜுரம் வந்த மாதிரி துடிக்கும். இன்னொன்னு பாடகரை விட்டுட்டு எதிர்வீட்டு மொட்டை மாடியைத் தேடிப் போகும். கன்சோல்ல நிக்கிற பையனை கமிட்டிக்காரங்க எல்லாரும் திட்டுவாங்க.

திட்டு அந்தப் பையனுக்குத்தான். ஆனா அதுல ஒரு பங்கு 1986-ல எடுத்த ஒரு முடிவுக்கும் போய்ச் சேரணும். இன்னைக்கு அந்த முடிவோட கதை.

அதுக்கு முன்னாடி விளக்கை எப்படி ஆட்டி வெச்சாங்க? கோயில் சீரியல் செட்டில் அம்மன் கை அசையுற மாதிரி பல்புகள் மாறி மாறி எரியுமே, பழைய செட்டுகளில் அதுக்குப் பின்னாடி மோட்டாரில் சுத்துற ஒரு உருளை இருக்கும். உருளை மேல செப்புத் தகடு. தகடு தொட்டா அந்த வரிசை எரியும். நாடக அரங்குகளில் இதுக்குப் பதிலா டிம்மர். ஒவ்வொரு டிம்மருக்கும் தனி ஒயர், அதில் 0 முதல் 10 வோல்ட் வரைக்கும். நூறு டிம்மர்னா நூறு ஒயர். கட்டி இழுக்கிறது பெரும்பாடுதான். ஆனா தகராறு வந்தா ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனா ஆளைக் கண்டுபிடிச்சிடலாம்.

1970, 80-களில் எல்லா டிம்மரையும் ஒரே கேபிளில் அடக்கும் முறைகள் வந்தன. ஆனா கம்பெனிக்கு ஒரு பாஷை. ஒருத்தர் கன்சோல் இன்னொருத்தர் டிம்மரோட பேசாது. அமெரிக்காவின் நாடகத் தொழில்நுட்ப அமைப்பான யுஎஸ்ஐடிடி 1986-ல எல்லாருக்கும் பொதுவா ஒரு பாஷையை வகுத்தது. அதுதான் டிஎம்எக்ஸ் 512. 1990-ல திருத்தினாங்க. இன்னைக்கு கோயில் மேடையில ஓடுறதும் அடிப்படையில அதேதான்.

வேலை செய்ற விதம் ரேஷன் கடை வரிசை மாதிரி. கன்சோல் 1-ல இருந்து 512 வரை வரிசையா எண்களைச் சொல்லிக்கிட்டே போகும். ஒவ்வொன்னும் 0-க்கும் 255-க்கும் நடுவுல ஒரு மதிப்பு. முழு வரிசையும் ஒரு செகண்டுக்கு சுமார் 44 தடவை போகும். ஒவ்வொரு லைட்டும் தன்னோட நம்பர் வரும்போது மட்டும் காது கொடுக்கும். அந்த நம்பர்தான் அட்ரஸ். பழைய லைட்டுகளில் முதுகுல குட்டி குட்டி டிப் ஸ்விட்சா இருக்கும், இப்போ டிஸ்ப்ளே.

முதல் சண்டை இங்கேதான். 16 சேனல் மூவிங் ஹெட்டை 1-ல வெச்சா அது 16 வரைக்கும் எடுத்துக்கும். அடுத்த லைட் 17-ல ஆரம்பிக்கணும். வேற வாடகைக்காரர்கிட்ட வாங்கின 7 சேனல் பார் லைட் 10-ல செட் ஆகி வந்திருந்தா? 10 முதல் 16 வரை ரெண்டும் ஒண்ணா கேட்கும். மூவிங் ஹெட்டோட டிசைனை மாத்தினா பார் லைட்டோட பச்சை ஏறும். ரெண்டு லைட்டும் கெட்டுப்போகலை, ரெண்டும் சொன்னதைத்தான் செய்யுது. கன்சோலுக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா லைன் ஒரு வழிப் பாதை. லைட் திரும்பப் பேசாது.

ரெண்டாவது சண்டை இன்னும் மோசம். ரெண்டு கன்சோலை ஒய்-கேபிள் போட்டு ஒரே லைனில் சேர்க்கிறது. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா யார் சொன்னதும் விளங்காது, எல்லா லைட்டும் துடிக்கும். கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் போடாம விட்டாலும், மைக் கேபிளை டிஎம்எக்ஸ் கேபிளா ஓட்டினாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிதான். அதனால நோயைக் கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு வழி, லைனைப் பாதியில கழட்டிப் பார்க்கிறது. முதல் பாதி சரியா ஓடுதா? அப்போ பிரச்சினை அடுத்த பாதியில.

இங்கே ஒரு சுவாரசியம். டிஎம்எக்ஸ் சவாரி பண்றது 1983-ல வந்த ஆர்எஸ்-485 என்ற மின்முறை மேல. தொழிற்சாலைகளில் எனர்ஜி மீட்டரும் மோட்டார் டிரைவும் மோட்பஸ்ல பேசிக்கிறதும் பெரும்பாலும் அதே ஆர்எஸ்-485 மேலதான். அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்க்கிற எலெக்ட்ரீஷியனுக்கு இது பழக்கமான சங்கதி. ஆனா ஃபேக்டரிக்காரங்க கேள்விக்குப் பதில் கேட்டாங்க, ஒவ்வொரு செய்திக்கும் பிழை சரிபார்ப்பு வெச்சாங்க. மேடைக்காரங்க ரெண்டையும் விட்டுட்டாங்க. சோம்பேறித்தனம் இல்லை, கணக்குதான். ஒரு தடவை தப்பா போனா என்ன, 23 மில்லிசெகண்டுல அடுத்தது வந்து சரி பண்ணிடும். விளக்குக்கு அந்தக் கணக்கு சரி.

பின்னாடி வந்தவங்க ஒட்டுப்போட்டாங்க. ரெண்டு கன்சோலுக்கு நடுவுல மெர்ஜர்: எது பெரிய மதிப்போ அது ஜெயிக்கும். வெளிச்சத்துக்கு இது நல்ல பஞ்சாயத்து. தலை திரும்புற கோணத்துக்கு ஆகாது, இடதுன்னு ஒருத்தரும் வலதுன்னு ஒருத்தரும் சொன்னா பெரிய நம்பர் சொன்னவர் பக்கமே போகும். அதுக்குக் கடைசியா சொன்னவர் ஜெயிக்கும் முறை. செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டி மாதிரி இடங்களில் போடுற பெரிய செட்டுக்கு 512 சேனல் போதாது. அங்கே நெட்வொர்க்ல ஓடுற ஆர்ட்-நெட், எஸ்ஏசிஎன் உதவும். எஸ்ஏசிஎன்ல யாருக்கு முன்னுரிமைனு நம்பரே கொடுக்கலாம். 2006-ல ஆர்டிஎம் வந்து லைட்டுக்கு வாய் கொடுத்தது: "நான் இங்கே இருக்கேன், என் அட்ரஸ் இது." வாடகைக்குச் சுத்துற மலிவான லைட்டுகளில் பலதுக்கு அந்த வாய் இன்னும் கிடையாது.

இதெல்லாம் வெறும் அழகுப் பிரச்சினைன்னா இந்த எபிசோடே வேண்டாம். இப்போ பூந்தமல்லி நெடுஞ்சாலை மண்டபங்களில் பொண்ணு மாப்பிள்ளை என்ட்ரிக்கு கோல்ட் பைரோ வைக்கிறாங்க இல்லையா, அந்தத் தீப்பொறி மெஷினும் பல நேரம் டிஎம்எக்ஸ்ல தான் ஓடுது. பார் லைட்டோட அட்ரஸ் அதும் மேல ஏறினா, ஊதா வெளிச்சம் கேட்ட நேரத்துல பொறி பறக்கும். குழந்தை அது மேல குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருக்கலாம். 23 மில்லிசெகண்ட் கழிச்சு வர்ற திருத்தம் இங்கே உதவாது. பல மெஷின்களில் பாதுகாப்புக்குத் தனி சேனல் இருக்கு, ஆனா அதுவும் அதே லைன்ல வர்ற இன்னொரு நம்பர்தான். டிஎம்எக்ஸ் தரநிலையே இதைத் தெளிவா சொல்லுது: பிழை சரிபார்ப்பு இல்லாததால ஆபத்தான கருவிகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

அதனால அடுத்த கல்யாணத்துல அந்த மெஷினைப் பார்த்தா, பக்கத்துல ஒரு ஆள் கையில அதோட பவர் ஸ்விட்ச் இருக்கானு பாருங்க. இல்லைன்னா குழந்தையைத் தள்ளி நிறுத்துங்க, அப்புறம் போய் கன்சோல் பையன்கிட்ட கேளுங்க.